பத்தொன்பது மில்லிமீட்டர்

"கரு வளர்ற பை கருப்பைக்குள்ளதான் இருக்கு. ஆனா கரு இன்னும் தெரியல" என்றார் ஸ்கேன் டாக்டர்.

கூட வந்த நாத்தனார் முந்திக்கொண்டாள். "அப்ப கலைஞ்சிடுச்சு. ரத்தம் வேற படுது. மாத்திரையைக் குடுத்துடுங்க டாக்டர்." கெட்ட எண்ணமில்லை. எதையும் சட்டுபுட்டென்று முடித்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

படுத்திருந்தவள் கேட்டாள்: "அளவு என்ன?"

"பத்தொன்பது மில்லிமீட்டர்."

"எவ்வளவு வந்தா இல்லைன்னு சொல்லுவீங்க?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "இருபத்தஞ்சு ஆகியும் உள்ள கரு இல்லைன்னா. உங்க நாள் கணக்கு பிசகியிருக்கலாம். ரெண்டு வாரம் கழிச்சுப் பாப்போம். நடுவுல ரத்தம் அதிகமாப் போனாலோ, வலி கடுமையா வந்தாலோ உடனே வந்துடணும்."

"வரேன்."

அவள் பட்டறையில் இரும்பு வளையங்களை அளப்பவள். சேர்ந்த புதிதில், கடைசல் இயந்திரத்திலிருந்து இறங்கிய சூட்டோடு நாற்பது வளையங்களை அளந்து, பெரிது என்று சிவப்பு மை தடவித் தள்ளினாள். சூட்டில் இரும்பு விரியும் என்பது அன்று தெரியாது. ஆறியிருந்தால் அத்தனையும் சரியான அளவு. தெரிந்தபோது வளையங்கள் உலைக்குப் போய்விட்டன. அன்றிலிருந்து நேரம் வராமல் அவள் எதையும் அளந்து தள்ளியதில்லை.

"அடைகாக்குற கோழிகூட இவ்வளவு பிடிவாதம் பிடிக்காது" என்றாள் நாத்தனார், படியிறங்கும்போது.

"கூமுட்டைன்னு தெரியாம கோழி எந்திரிக்காது, அண்ணி."

அந்த இரண்டு வாரமும் அவள் வேலைக்குப் போனாள். கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் துணியைப் பார்த்தாள். கறை சில நாள் இருந்தது, சில நாள் இல்லை. கணவன் குழந்தைக்குப் பெயர் யோசிக்கத் தொடங்கியபோது, "வாயை மூடு" என்றாள். இரவில் அவளும் ஒன்று யோசித்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

மறு ஸ்கேனில் பை இருபத்தெட்டு. உள்ளே வெறுமை. டாக்டர் தானாகவே இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். அவர் முதலிலிருந்து அளந்தார். அதே இருபத்தெட்டு.

"திரையை இப்படித் திருப்புங்க" என்றாள். எண்ணைப் படித்தாள். கண் கலங்கியது, துடைக்கவில்லை.

நாத்தனார் அவள் தோளைப் பிடித்தாள். "இன்னும் ஒரு வாரம் விட்டுப் பாப்போமாடி?"

"வேண்டாம் அண்ணி. ரெண்டு பேரு அளந்தாச்சு." எழுந்து உட்கார்ந்தாள். "மாத்திரை போட்டா எத்தனை நாள் லீவு வேணும், டாக்டர்?"