எந்த இடம் என்ற கட்டம்

கண்ணாடி விருதைச் சவத்தின் தலைமாட்டில் வைப்பதா கால்மாட்டில் வைப்பதா என்று பணிப்பாளர் அரியநாயகம் படம் எடுக்க வந்தவரைக் கேட்டுக்கொண்டு நின்றார். தலைமாட்டில் வைத்தால் குருசை மறைக்கும், கால்மாட்டில் வைத்தால் எழுத்துத் தெரியாது. கடைசியில் லியோனின் செபமாலை சுற்றிய கைகளின் மேலேயே அதைச் சாத்தினார்கள். மேரிசுகந்தி புருசனின் முகத்தில் இருந்த இலையானைக் கலைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் இரண்டு தரம் மின்னியது. உடனே அரியநாயகம் விருதைத் திரும்ப எடுத்து, அதில் சொட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டி, லேஞ்சியால் துடைத்துத் தன் பைக்குள் வைத்தார்.

"இது கந்தோர்ச் சாமான்" என்று அவளுக்கு மெல்லச் சொன்னார், அவள் என்னவோ ஊறுகாய் போட்டு வைக்க அதைக் கேட்டதுபோல.

தரவு மற்றும் செயற்கை அறிவு முகாமைத்துவத்தில் தலைசிறந்த தலைமைத்துவம் என்று அதில் பொறித்திருந்தது. போன மாதம் கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் அரியநாயகத்துக்குக் கொடுத்தது.

அந்தக் கம்பியூட்டர்த் திட்டம் சண்டை நின்ற சமாதானத்தோடு வந்தது. யாழ்ப்பாணக் கந்தோரில் குளிரூட்டிய அறை, அதற்குள் நாலு கம்பியூட்டர். ஊர்காவற்துறைக் கரையில் யார் எவ்வளவு மீன் கொண்டுவந்தான், எந்த இடத்தில் பிடித்தான் என்று ஒருவர் தினமும் தாளில் எழுதி, கிழமைக்கு ஒரு தரம் அனுப்பவேண்டும். கம்பியூட்டர் அதை யோசித்து, வருகிற கிழமை எங்கே மீன் படும் என்று வெள்ளிக்கிழமை சொல்லும். அதற்கு அறிவு கொடுத்திருக்கிறோம் என்று அரியநாயகம் கடற்தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் கூட்டம் வைத்துச் சொன்னார். எழுதுகிற வேலை, நெஞ்சு நோவால் கடலுக்குப் போக ஏலாமல் கிடந்த லியோனுக்குக் கிடைத்தது.

கரையில் பிறந்த எவனாவது தான் மீன் பிடித்த இடத்தைச் சொல்லுவானா? சொன்னால் அடுத்த நாள் அங்கே பத்து வள்ளம் நிற்கும். கட்டின மனிசிக்கே சொல்லாததைக் கந்தோருக்குச் சொல்லுவானாக்கும். வடக்கே பிடித்தவன் தெற்கு என்றான், கரையில் பிடித்தவன் ஆழம் என்றான். லியோன் ஓம் ஓம் என்று எல்லாவற்றையும் எழுதினான். கம்பியூட்டர் அந்தப் பொய்களைக் கூட்டிப் பெருக்கி அழகாக அச்சடித்து அனுப்பியது. நம்பிப் போனவர்கள் வெறும் வலையோடு வந்து, அந்தத் தாளை ஒட்டுகிற சங்கத்து அறிவித்தல் பலகையை அடுப்பில் வைக்கப்போவதாகச் சொன்னார்கள்.

"மனிசரைக் கேட்டா பொய்தான் வரும். மீனைக் கேளுங்கோ" என்று அன்றைக்கு மேரிசுகந்திதான் சொன்னாள்.

அவள் இருபது வருசமாகக் கரையில் மீன் வெட்டிக் கொடுக்கிறவள். ஓரா மீனின் வயிற்றில் சாதாளை என்ற பச்சைக் கடற்புல் கிடந்தால் அது கரையோரப் புல்லுத்தரையில் பட்டது. விளைமீனின் குடலில் நொறுங்கின சிப்பி கிடந்தால் கல்லுப்பக்கம். செவுளில் கறுத்த சேறு இருந்தால் இன்னோர் இடம். எந்த மீன் எவனுடைய வள்ளத்தால் இறங்கியது என்பதும் அவளுக்குத் தெரியும். பின்னேரங்களில் அவள் குசினிக்குள் சமையலுக்கு மீன் வெட்டியபடி சொல்லச்சொல்ல, லியோன் வாசலில் நின்று எந்த இடம் என்ற கட்டத்தை நிரப்புவான். பிறகு பென்சிலைக் கதவு நிலையின் வெடிப்பில் செருகிவிட்டுப் போவான்.

கம்பியூட்டருக்கு அதன் பிறகு புத்தி வந்துவிட்டது. தன் இடம் வெளியே வந்துவிட்டதென்று ஒவ்வொருவனும் அதைத் திட்டினான். மற்றவனுடைய இடத்துக்கு அதே தாளைப் பார்த்துத்தான் போனான். வெளிநாட்டுக்காரர் வந்து பார்த்தார்கள். அரியநாயகம் புதிதாக ஒரு கோட்டுத் தைப்பித்தார்.

விருது விழாவுக்கு லியோனையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த வீடியோ கசற்றைச் சங்கத்தில் போட்டபோது மேரிசுகந்தி முன் வாங்கிலில் இருந்தாள். இவ்வளவு திருத்தமாக எப்படித் தகவல் எடுக்கிறீர்கள் என்று மேடையில் ஒரு பெண் லியோனைக் கேட்டாள். மேரிசுகந்தி வாங்கிலின் நுனிக்கு நகர்ந்தாள். இவன் இரவல் சேட்டுக்குள் நெளிந்தபடி, எல்லாம் ஆண்டவருடைய கிருபை, பணிப்பாளர் ஐயாவின் வழிகாட்டல் என்றான். சனம் கை தட்டியது. அரியநாயகமாவது பரவாயில்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் தெரிந்த இந்த வாயில்லாப் பூச்சியை நினைத்துத்தான் அவளுக்கு வயிறு எரிந்தது.

அடுத்த நாளிலிருந்து அவள் சொல்லுவதை விட்டாள். லியோன் வழக்கம்போலப் பென்சிலோடு வாசலில் வந்து நின்றான். அவள் வெட்டினாள், கழுவினாள், சட்டியில் போட்டாள். ஏனென்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லாக வாங்கிக் கட்டியிருப்பான். ஆறு பின்னேரம் அப்படி நின்றுவிட்டுப் போனான். ஏழாம் நாள் காலை கரையில் ஒரு வள்ளத்தின் விளிம்பில் குந்தினவன் எழும்பவில்லை.

கோயிலுக்குச் சவம் எடுக்க ஒரு மணித்தியாலம் இருக்கும்போது அரியநாயகம் கதிரையை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். இந்த நேரத்தில் கேட்கக்கூடாதுதான் என்று தொடங்கி, திங்கட்கிழமை கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், போன கிழமைத் தாள் இல்லாமல் ஒன்றும் செய்ய ஏலாது என்று முடித்தார். அவள் எழும்பிப்போய் அலுமாரிக்குள் இருந்த தாளை எடுத்து வந்து கொடுத்தாள். பேர் இருந்தது, மீனின் நிறை இருந்தது. எந்த இடம் என்ற கட்டம் ஆறு நாளும் வெறுமையாக இருந்தது.

"இதல்லோ முக்கியம். இதை லியோன் எப்பிடி நிரப்புறவர்?"

செத்தவீட்டுச் சனம் முழுக்க அங்கேதான் இருந்தது. லியோனும் மூக்கில் பஞ்சோடு அங்கேதான் கிடந்தான். மேரிசுகந்தி அவனைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நான் சொல்லுறனான். மீன்ர வயித்தைக் கீறிப் பாத்து நான் சொல்லுவன், அவர் எழுதுவார். கம்பியூட்டர் சொன்னதெல்லாம் நான் சொன்னதுதான், ஐயா."

அரியநாயகம் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். குழந்தைப்பிள்ளை கதை சொன்னால் கேட்கிறவரின் முகம் வந்தது.

"விளங்குது, தங்கச்சி. துக்கத்தில மனம் எதையும் சொல்லும். நீர் கொஞ்சம் தண்ணி குடியும். நான் அவையளிட்டையே கேட்டு எழுதுறன்."

பெட்டியைச் சுற்றி நின்ற கடற்தொழிலாளரிடம் ஒவ்வொருவராகப் போனார். முதல் ஆள் பஸ்ரியாம்பிள்ளை. சின்ன வயதில் லியோனோடு ஒன்றாகக் கோயிலில் முதல் நன்மை வாங்கினவன். கையில் மெழுகுதிரி, கண்ணில் தண்ணீர். புங்குடுதீவுக்குத் தெற்கே, நல்ல ஆழத்தில் என்றான். அவனுடைய ஓராவின் வயிற்றிலிருந்து அந்தக் கிழமை முழுக்க மண்கும்பான் கரைச் சாதாளையைத்தான் அவள் வழித்து எறிந்தாள். பக்கத்தில் நின்ற அவன் மருமகன் டெனிஸ்ரன், மாமன் சொன்ன திசையைக் கேட்டுவிட்டு, அதற்கு நேர் எதிரான ஒன்றைச் சொன்னான். சவத்துக்கு முன்னால் குரலைக்கூட ஒருவனும் தாழ்த்தவில்லை. அரியநாயகம் நல்ல பேனையால் எல்லாவற்றையும் எழுதினார்.

கட்டம் நிரம்பியதும் தாளை அவளிடம் கொண்டுவந்து காட்டி, எல்லாம் சரிதானே என்று கேட்டார். சரியாம். இந்த மனிசனுக்குத்தான் அறிவுக்கு விருது.

"ஓம் ஐயா. எல்லாம் சரி" என்றாள்.

சவக்காலையிலிருந்து சனம் கலைந்து போன பிறகு, பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மா ஒரு கோர்வை மீனோடு குசினிக்குள் வந்தாள். ஒன்றும் தின்னாமல் கிடக்கக்கூடாது, ஒரு சொதியாவது வைப்போம் என்றவள், அவசரத்தில் செதிலைத் தாறுமாறாகச் சுரண்டி மீனைச் சிதைத்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருக்க மேரிசுகந்தியால் ஏலவில்லை. கத்தியை வாங்கிக்கொண்டு குந்தினாள்.

முதலாவது விளைமீன். வயிற்றைக் கீறி விரலால் குடலை விரித்தாள். வெள்ளைச் சிப்பித்தூள்.

"கல்லுப்பக்கம். மூண்டு பாகம் ஆழத்துக்குத் தண்ணி வரும்" என்றாள்.

சொல்லிவிட்டு, அடுத்த மீனை எடுக்காமல், எழுதி முடியட்டும் என்று இருந்தாள்.

"ஆருக்கடி சொல்லுறாய்?" என்று செபஸ்தியம்மா கேட்டாள்.

மேரிசுகந்தி வாசலைப் பார்த்தாள். பென்சில் நிலையின் வெடிப்பில் இருந்தது. குடலை வழித்துப் பூனைக்கு எறிந்துவிட்டு, இரண்டாவது மீனைக் கையில் எடுத்தாள்.