மொச்சையின் மூச்சு

என் மனைவி மதுமதி இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை மொச்சை தீனி எடுக்கவில்லை.

மொச்சை அவள் வளர்த்த கினிப் பன்றி. இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்தால் அதில் உட்காரும் அளவு. வெள்ளை உடம்பில் பழுப்புத் திட்டுகள். கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டாலே விசிலடிக்கும் பிராணி, அன்று கூண்டின் மூலையில் மயிர் சிலிர்த்து உட்கார்ந்திருந்தது. விலா அடித்துக்கொண்டது. கைபேசியில் பதினைந்து வினாடி வைத்து எண்ணினேன். முப்பத்தொன்று. நிமிடத்துக்கு நூற்று இருபத்து நான்கு மூச்சு. நூறைத் தாண்டினால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் நீரஜா சொல்லியிருந்தார்.

அதற்கு இதய நோய். பத்து நாளுக்கு முன்புதான் அசோக் நகரில் அவருடைய பிராணிகள் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துக் கண்டுபிடித்தார்கள். இதயம் வீங்கி, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. நீரை வடிக்க ஒரு மருந்து. காலை ஏழு, இரவு ஒன்பது. ஊசியில்லாத சிரிஞ்சில் அரை மில்லிக்கும் குறைவு. மறந்துவிடக் கூடாதென்று ஓர் அட்டையில் எழுதிக் கூண்டின் மேல் ஒட்டியிருந்தேன்.

ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டில் அப்போது நானும் என் மாமியார் தாயம்மாவும்தான். மகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாளென்று விருதுநகரிலிருந்து கிளம்பி வந்தவர், காரியம் முடிந்தும், மாப்பிள்ளை தனியாக என்ன செய்வார் என்று தங்கிவிட்டார். இதைக்கூட என் அக்காவிடம்தான் சொன்னார், என்னிடம் அல்ல. எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளையின் எதிரில் நின்று பேசும் வழக்கம் இல்லை. பதினோரு வருடம் எங்கள் இருவருக்கும் நடுவில் மதுமதி இருந்தாள். "அம்மா ரசம் வேணுமான்னு கேக்குது." "போதும்னு சொல்லு." இப்படியே நடந்தது.

அவள் போன பிறகு அந்த வேலை மொச்சைக்கு வந்தது. அத்தை சமையலறை வாசலில் நின்று கூண்டைப் பார்த்து, "மொச்சை, தோசை ஆறுதுன்னு சொல்லு" என்பார். நானும் கூண்டைப் பார்த்து, "இந்தா வர்றேன்னு சொல்லு" என்பேன். வெளியாட்கள் கேட்டால் சிரிப்பார்கள். எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. இரவு நான் வீடு திரும்பும்போது அவர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்பார். என் சாப்பாடு மூடிவைத்திருக்கும்.

மொச்சையும் போய்விட்டால் அந்த வீட்டில் பேச்சு என்று ஒன்று இருக்காது. அது எனக்குத் தெரியும். அன்று காலை கூண்டுக்கு அந்தப் பக்கம் நின்ற அவர் முகத்தைப் பார்த்தபோது, அவருக்கும் தெரியும் என்று புரிந்தது.

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். வருடத்தில் லீவு கேட்கவே கூடாத நாள் அது. மேலாளர் கருணாகரன் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"யாருக்கு முடியல? அத்தைக்கா?"

"இல்ல அண்ணாச்சி. மொச்சைக்கு."

"மொச்சைன்னா யாருய்யா?"

"மது வளத்துச்சே, அந்தக் கினிப் பன்றி."

"ஏய்யா ஜவஹரு, தீவாளி ஞாயித்துக்கெழமை பன்னிக்கு லீவு கேக்குறவன் தமிழ்நாட்டுலயே நீ ஒருத்தன்தான்," என்றார். பிறகு தணிந்த குரலில், "போயிட்டு வா," என்றார்.

கூடையில் பழைய துண்டை விரித்து மொச்சையை வைத்து நான் செருப்பைத் தேடியபோது, அத்தை ஏற்கெனவே செருப்புப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

ஆட்டோ ஓட்டியவர் பெயர் உமர் ஃபாரூக் என்று இருக்கைக்குப் பின்னால் எழுதியிருந்தது. அத்தை கூடையோடு பின்னால் ஏறினார். நான் முன்னால் ஓட்டுநரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டேன்.

"இன்னா சார், பின்னாடி அவ்ளோ இடம் கீது, இங்க வந்து ஒண்டிக்கிறே?"

"அவங்க என் மாமியார்."

"அதுக்கு?"

வண்டி நகர்ந்தது. பாண்டி பஜார் பக்கமே திரும்பக் கூடாது, திரும்பினால் நாளைக்குத்தான் வெளியே வருவோம் என்று அவரே சொல்லி, நந்தனம் வழியாக விட்டார். பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"தம்பி, முப்பத்தி மூணு வருதுன்னு சொல்லுங்க."

"சார், முப்பத்திமூணாம்."

"முகத்துக்கிட்ட துணிய விலக்கிவிடச் சொல்லுங்க," என்றேன்.

"அம்மா, துணிய வெலக்கணுமாம்."

"விலக்கித்தான் இருக்குன்னு சொல்லுங்க தம்பி."

சிக்னலில் அவர் வண்டியை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "யப்பா, நான் வண்டி ஓட்டணுமா, தந்தி அடிக்கணுமா? ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கீது?"

சி.ஐ.டி. நகரில் யாரோ சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள். நடுத்தெருவில் அது வெடித்துத் தீரும்வரை வண்டி நகர முடியவில்லை. திரும்பிப் பார்த்தேன். அத்தை கூடையின் மேல் கவிழ்ந்து, முந்தானையால் அதை மூடி, இரண்டு கைகளாலும் அணைத்திருந்தார். அவருடைய முதுகு ஒவ்வொரு வெடிக்கும் அதிர்ந்தது. சத்தம் ஓய்ந்ததும் நிமிர்ந்து எண்ணினார். உதடு மட்டும் அசைந்தது. இந்த முறை எண்ணிக்கையை யாரிடமும் சொல்லவில்லை. உமர் ஃபாரூக்கும் கேட்கவில்லை. மேற்கு மாம்பலம் முழுவதும் ஹாரனில் கையை வைத்தபடியே ஓட்டினார்.

மருத்துவமனையில் டாக்டர் நீரஜா மொச்சையை எடை போட்டார். பத்து நாளில் நூற்று முப்பது கிராம் குறைந்திருந்தது. ஈறைப் பார்த்தார், ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். அத்தை உள்ளே வராமல் கதவுத் திரைக்கு வெளியே நின்றிருந்தார். திரைக்குக் கீழே அவர் பாதம் தெரிந்தது.

"மருந்து ஒழுங்கா போகுதா சார்?"

"ஒரு வேளை விடல டாக்டர். காலைல குளிச்சிட்டு வந்ததும் முதல் வேலை அதான். ராத்திரி கடையிலேர்ந்து வந்து குடுத்துட்டுத்தான் சாப்பிடுவேன்."

கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"அப்படியும் இவ்வளவு வாங்குதுன்னா டோஸ் பத்தல. நீர் திரும்பக் கோத்திருக்கும். இப்ப அதே மருந்தை ஊசியா போட்டுர்றேன். நாளையிலேர்ந்து ரெண்டு மடங்கு குடுங்க."

அவர் குப்பியைக் கவிழ்த்து ஊசியில் மருந்தை இழுத்தார். உதவியாளர் மொச்சையின் பிடரித் தோலைத் தூக்கிப் பிடித்தார். அப்போது திரை விலகியது.

"டாக்டரம்மா," என்றார் அத்தை. "மாப்பிள்ளைட்ட..." அதற்கு மேல் வரவில்லை. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். டாக்டர், "ஒரு நிமிஷம்மா, இத முடிச்சிர்றேன்," என்று ஊசியை அருகில் கொண்டுபோனார்.

"மாப்ள! வேண்டாம்னு சொல்லுங்க! போடக் கூடாது!"

என் முகத்தைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தைகள் அவை. டாக்டரின் கை நின்றது. கணக்குக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்த மருந்து பாட்டில் எனக்கு ஞாபகம் வந்தது.

"அத்தை, நீங்களும் மருந்து குடுத்தீங்களா?"

"அட்டையில எழுதி ஒட்டியிருந்தீகளே மாப்ள. எனக்குத்தான் எழுதியிருக்கீகன்னு நெனச்சேன். வாயால சொல்ல முடியாம எழுதி வச்சிருக்காகன்னு. நீங்க குளிக்கப் போகையில ஏழு மணிக்குக் குடுத்துருவேன். ராத்திரி ஒம்பதுக்குக் குடுத்துட்டு உள்ள போயிருவேன்."

நான் இரவு வீடு சேர்வது ஒன்பது நாற்பதுக்கு. பத்து நாள். பாட்டில் வேகமாக இறங்குவதைப் பார்த்து, மூடி கசிகிறது என்று அதற்கு ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தேன்.

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். மொச்சையின் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய இடம் அப்படியே கூடாரம்போல் நின்றது. "காஞ்சு போயிருக்கு. இதப் பிடிச்சுப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். என் தப்பும்தான்," என்றார். "இப்ப இருக்குற நெலமையில அந்த ஊசி போயிருந்தா தாங்கியிருக்காது. கொஞ்சம் கொஞ்சமா தண்ணி ஏத்தணும். கூடிருச்சுன்னா நெஞ்சுக்குப் போயிரும். ரெண்டு மணி நேரம் ஆகும். வெளிய இருங்க. ஒண்ணும் சொல்ல முடியாது."

வெளியே ஒரே ஒரு பெஞ்சுதான் இருந்தது. நான் நின்றேன். "உக்காருங்க மாப்ள," என்றார். உட்கார்ந்தேன். நடுவில் காலிக் கூடை இருந்தது.

"நான்தான் கொன்னுட்டேனோ."

"ரெண்டு பேரும்தான் குடுத்தோம் அத்தை."

உள்ளே ஏதோ நாய் அழுதது. கதவு திறக்கும்போதெல்லாம் இருவரும் நிமிர்ந்தோம். வேறு யாரோ வேறு யாரையோ கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி கேட்டார்.

"அன்னைக்கு நான் செங்கல்பட்டு தாண்டியிருந்தேன். அவ என்னையக் கேட்டாளா மாப்ள?"

காய்ச்சலென்று மதுமதியை ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆறாம் நாள் அது; அத்தை ரயிலில் வந்துகொண்டிருந்தபோதே அவள் போய்விட்டாள். ஏழு மாதமாக இதை யாரிடம் கேட்பதென்று தெரியாமல் வைத்திருந்திருக்கிறார். ஆமாம் என்று சொல்லிவிடலாம். சொல்ல வாய் வரவில்லை.

"அன்னைக்கு நெனவில்ல அத்தை. முந்தின நாள் சாயங்காலம் கேட்டா. அம்மாவுக்கு லோயர் பெர்த் கெடச்சுதான்னு."

"கெடைக்கல," என்றார். கூடையின் பிடியைத் தடவியபடி, "கெடச்சதுன்னு போன்ல பொய் சொன்னேன். இல்லன்னா இன்னொரு நாள் வான்னு சொல்லுவா," என்றார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கூடையிலிருந்த துண்டை உதறி மடித்தார்.

மதியம் ஒரு மணி வாக்கில் டாக்டர் நீரஜா வந்தார். மூச்சு எண்பத்தெட்டுக்கு வந்திருக்கிறது, கேரட்டை முகர்ந்து பார்த்தது, கடிக்கவில்லை என்றார். "இன்னைக்குத் தாண்டிருச்சு. ஆனா இதயம் அப்படியேதான் இருக்கு. இன்னைக்கு ராத்திரி மருந்து வேண்டாம். நாளைக்குக் காலைலேர்ந்து பழைய அளவு. ஒருத்தர்தான் குடுக்கணும். யாருன்னு இங்கயே முடிவு பண்ணிச் சொல்லுங்க."

நான் அத்தையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"மாப்ள குடுக்கட்டும். நான் பிடிச்சுக்கிறேன்," என்றார்.

அதன் பிறகு மொச்சை நாற்பத்தொரு நாள் இருந்தது. ஒரு வேளையும் தவறவில்லை. இரண்டு பேரும் இருந்துதான் கொடுத்தோம். இரவில் அவர் தூக்கக் கலக்கத்தோடு கொட்டாவி விட்டுக்கொண்டே பிடித்துக்கொள்வார். நான் ஒரு சொட்டு சிந்தினாலும் திட்டுவார். மார்கழி பிறந்த வாரத்தில் ஒரு நாள், விடிந்தும் விடியாமலும், என் அறைக் கதவைத் தட்டினார்.

"மாப்ள, எந்திரிங்க," என்றார். "இனிமே மருந்து வேண்டாம்."