சோத்துக்கைப் பக்கம்

நெற்றியில் அம்பு போடுவதுதான் என் வேலை. கண் ஆஸ்பத்திரியில் நர்ஸாகப் பத்தொன்பது வருஷம் ஆகிறது; வேறு வேலையும் உண்டு, ஆனால் அம்புதான் முக்கியம். எந்தக் கண்ணுக்கு ஆபரேஷனோ அந்தப் புருவத்துக்கு மேலே ஊதா மைப் பேனாவால் கீழ்நோக்கி ஓர் அம்பு. உள்ளே போனதும் ஆளைப் பச்சைத் துணியால் மூடிவிடுவார்கள், ஓட்டை வழியாக ஒரு கண் மட்டும்தான் தெரியும். அதனால் டாக்டர் என் அம்பைத்தான் நம்புகிறார். அவர் படித்தது பத்து வருஷம், என் அம்புக்கு ஆவது அரை விநாடி. யார் பெரியவர் என்று நான் சொல்லவில்லை.

அம்பு போடுவது சுலபம். "எந்தக் கண்ணு?" என்று கேட்டுப் பதில் வாங்குவதற்குள்தான் உயிர் போய்விடும். "மறைக்கிற கண்ணு" என்பார் ஒருவர். அவருக்கு இரண்டுமே மறைக்கும். "டாக்டர் சொன்னாரே, அது" என்பார் இன்னொருவர். ஓர் அம்மா, "உனக்குத் தெரியாதா? நீதானேம்மா ஆஸ்பத்திரி?" என்று என்னையே மடக்கினார். இடதா வலதா என்று கேட்டால் பாதிப் பேர் எதிரே நிற்கிற என்னுடைய இடதைச் சொல்வார்கள். தொட்டுக் காட்டச் சொல்லலாம்தான், ஆனால் அழுக்கு விரலைக் கண்ணுக்குள் விட்டுத் தேய்த்துவிடுவார்களே என்று எனக்குப் பயம்.

அதனால் நானே ஒரு கேள்வி கண்டுபிடித்தேன். "சோத்துக்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா?" சாப்பிடுகிற கையை யாராவது மறப்பார்களா? எண்பது வயதுக்காரர்கூட டக்கென்று பதில் சொன்னார். பதிவு மேசைக்காரரும் என்னைப் பார்த்து நோயாளிகளிடம் அப்படியே கேட்க ஆரம்பித்தார். மாதாந்தரக் கூட்டத்தில் பெரிய டாக்டர் என் பேரைச் சொல்லிப் பாராட்டினார். கொஞ்ச நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சலூன்காரர் வந்தார். அறுபத்து மூன்று வயது, சொந்தக் கடை, ஒற்றை நாற்காலி. கூட மனைவி, அவர் கையில் ஒரு பை, பைக்குள் ஆஸ்பத்திரியில் கிடைக்காது என்று அவர் நினைத்த எல்லாப் பொருளும்.

"இந்தப் பார்வையை வெச்சுக்கிட்டு எப்படிங்க முடி வெட்டறீங்க?" என்று கேட்டேன்.

"காது எங்கே இருக்குன்னு தெரிஞ்சா போதும் சிஸ்டர். மிச்சத்தைக் கை பாத்துக்கும்."

"காது தெரியலேன்னா?"

"அதுக்குத்தான் வந்திருக்கேன்."

பேனாவின் மூடியைக் கழற்றினேன். "எந்தக் கண்ணு? சோத்துக்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா?"

"சோத்துக்கை."

"நிச்சயமா?"

"சோத்துக்கைதான் சிஸ்டர்" என்றார் மனைவி. "டாக்டர் சொன்னதுலேர்ந்து வீட்ல நூறு தரம் பேசியாச்சு."

கேஸ் ஷீட்டின் முகப்பில் பதிவு மேசைக்காரர் 'வலது' என்று எழுதியிருந்தார். சம்மதப் படிவத்திலும் 'வலது'. அதில் சலூன்காரர் வலது கையால் அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்தார், நானே பார்த்தேன். எல்லாம் ஒத்துப்போயிற்று. எல்லாவற்றையும் அதே கேள்வியைக் கேட்டு அதே வாயிலிருந்துதான் வாங்கினோம் என்பது எனக்கு உறைக்கவில்லை. வலது புருவத்தின் மேல் அம்பு போட்டேன், நேராக வந்தது.

கேஸ் ஷீட்டின் மூன்றாம் பக்கத்தில் டாக்டர் வேறு என்னென்னவோ எழுதியிருந்தார். மூன்றாம் பக்கம் படிப்பது என் வேலை இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அன்று கருவிகளை அவிக்கிற இயந்திரம் மக்கர் பண்ணியது. பத்து மணிக்கு நடக்க வேண்டிய ஆபரேஷன்கள் மதியத்துக்குப் போயின. நோயாளிகள் பட்டினி கிடக்க வேண்டாம் என்று சாப்பாடு கொடுக்கச் சொன்னார்கள். நான் வார்டில் ஒரு சுற்று வந்தேன். சலூன்காரர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது கையால்.

"என்னங்க இது, பீச்சாங்கையால சாப்பிடறீங்க? அந்தக் கைல ஊசி கீசி குத்திட்டாங்களா?"

அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கும்வரை நான் நிற்க வேண்டியதாயிற்று. "இது பீச்சாங்கை இல்லையே சிஸ்டர். சோத்துக்கை."

"இதுவா?"

"இதாலதானே சோறு திங்கறேன்."

மனைவி விளக்கம் கொடுத்தார். "பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்துல அடிச்சு அடிச்சு எழுதற கையை மாத்திட்டாங்க. தொழிலுக்கு வந்தா, கத்தரிக்கோல் எல்லாம் வலது கைக்குத்தான் செய்யறாங்க, அதுவும் மாறிடுச்சு. சாப்பாட்டை மட்டும் யாராலயும் மாத்த முடியல. எங்க பிள்ளைங்ககூட இந்தப் பக்கத்தைத்தான் சோத்துக்கைன்னு சொல்லும்."

அவர் சொன்னது இடது கண், என் அம்பு வலதில். ஷீட்டைப் பிடுங்கிக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினேன். பத்தொன்பது வருஷத்தில் நான் அந்த வராந்தாவில் ஓடியது அன்று ஒருநாள்தான்.

மூன்றாம் பக்கத்தில் டாக்டர் கையால் எழுதிய ஒற்றை இங்கிலீஷ் எழுத்தைக் காட்டினேன். "இது 'எல்'லா, 'ஆர்'ரா டாக்டர்?"

"எல்தான். இடது."

"ஆர் எப்படி எழுதுவீங்க?"

பக்கத்தில் ஓர் ஆர் எழுதிக் காட்டினார். இருவரும் இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தோம். "எல் கொஞ்சம் சாஞ்சிருக்கும்" என்றார் அவர், அவ்வளவு உறுதியில்லாமல்.

பிறகு மூன்றாம் பக்கத்தைப் படித்துச் சொன்னார். இரண்டு கண்ணிலும் புரை இருக்கிறது. இடது கண்ணில் வெறும் புரைதான், எடுத்துவிட்டால் பளிச்சென்று தெரியும். வலது கண்ணில் கருவிழியே பலவீனம். யாராவது கண்தானம் செய்து கருவிழி கிடைத்தால் அதை வைத்துத் தைத்து, புரையையும் சேர்த்து எடுக்க வேண்டும். அதுவரை தொடக்கூடாது. வெறும் புரையை மட்டும் எடுக்கப்போனால் கருவிழி வீங்கி வெளுத்து, இருக்கிற பார்வையும் போய்விடும்.

"அவர் இப்ப எந்தக் கண்ணால காதைப் பாக்கறார்?" என்று கேட்டேன்.

"வலது கண்ணாலதான். ஏன், அம்பு எங்கே போட்டிருக்கீங்க?"

என் வலது புருவத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

இனி நான் செய்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. நேரே வார்டுக்குப் போய்ச் சலூன்காரரைப் பிடித்துக் கத்தினேன். "பீச்சாங்கையால சாப்பிடறவர் மொதல்லயே சொல்ல வேண்டாமா? கண்ணு போயிருந்தா யார் பதில் சொல்றது? என் வேலையே போயிருக்கும் தெரியுமா?" பயந்தால் எனக்குக் குரல் உயரும், அது என் சுபாவம். வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் எச்சில் கையைத் தட்டின் மேல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், பருக்கைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"தப்புதான் சிஸ்டர்" என்றார்.

பழைய அம்பை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு இடது புருவத்தில் புதிதாக ஒன்று போட்டேன். நான்கு மணிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தவறுகளைக் குறித்துவைக்கிற சம்பவப் பதிவேட்டில் 'நோயாளி தவறான தகவல் அளித்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தோம். சலூன்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், என்னைச் சுற்றி வந்து பின்பக்கமும் பார்த்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சிஸ்டர். இந்த முடியை யார் வெட்டினது?"

"ஏன்?"

"ஒண்ணுமில்ல. அவங்களும் ஆபரேஷனுக்கு வந்தா நல்லது."

கிளம்பும்போது இருவரும் கும்பிட்டு, நான் கவனித்ததால்தான் கண் பிழைத்தது என்று நன்றி சொன்னார்கள். அந்த நன்றியை நான் வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என் கேள்வியைக் குப்பையில் போட்டாயிற்று. சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி, தொட்டுக் காட்டச் சொல்லித்தான் அம்பு போடுகிறேன். மூன்றாம் பக்கமும் படிக்கிறேன்.

எட்டு மாதம் கழித்துக் கண் வங்கியிலிருந்து போன் வந்தது. யாரோ ஒரு குடும்பம் தங்கள் துக்கத்துக்கு நடுவிலும் சம்மதம் சொல்லியிருந்தது, ஒரு கருவிழி கிடைத்தது. சலூன்காரருக்குச் சொல்லி அனுப்பினோம். வந்தார்கள், அதே பையோடு. இந்தத் தடவை வலது கண் என்று ஷீட்டில் டாக்டர் முழு வார்த்தையாகவே எழுதியிருந்தார். எல்லோரையும் தொட்டுக் காட்டச் சொல்கிற எனக்கு, இவரிடம் மட்டும் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட ஆசை வந்தது. அவர் வீட்டு அகராதிதான் எனக்குத் தெரியுமே.

"இன்னிக்குப் பீச்சாங்கைப் பக்கம், சரிதானே?"

"இல்ல சிஸ்டர், சோத்துக்கைப் பக்கம்."

பேனா அப்படியே நின்றது. "சோத்துக்கைப் பக்கம் முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சே!"

"அது அப்போ" என்றார் மனைவி. அவர் முகத்தில் ஒரே பெருமை. "இப்ப இவர் மாறிட்டாரு. நீங்க அன்னிக்குச் சத்தம் போட்டீங்க இல்ல? வீட்டுக்குப் போனதும் சொன்னாரு, 'பாவம், என் கையால அந்த நர்ஸம்மா வேலை போகப் பாத்துதே'ன்னு. அன்னிலேர்ந்து வலது கையாலதான் சாப்பிடறாரு. மொதல் ரெண்டு மாசம் பாதிச் சோறு மடியிலதான்."

"இப்ப பழகிடுச்சா?" என்றேன்.

"இப்ப கால்வாசிதான் மடியில" என்றார் சலூன்காரர்.

அவர் சட்டையைப் பார்த்தேன். மூன்றாவது பொத்தானுக்குப் பக்கத்தில் காலையில் சிந்திய ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. ஆளும் இளைத்திருந்தார். என் வேலைக்காக எட்டு மாதமாக இந்த மனுஷன் அரைவயிறு சாப்பிட்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமாகவும் இருந்தது, இரண்டையும் மறைக்க முடியவில்லை.

"ஐயா, நீங்க தப்பா எதுவும் சொல்லல. உங்க சோத்துக்கை அதுதான், அதைத்தான் சொன்னீங்க. நான் கேட்ட கேள்விதான் தப்பு. பயத்துல உங்க தலையில போட்டுட்டேன்."

அவர் யோசித்தார். "அப்ப நான் எட்டு மாசமா..."

"ஆமாங்க."

மனைவி பையைக் கீழே வைத்தார். சலூன்காரர் இன்னும் கொஞ்சம் யோசித்தார்.

"இதை நாளைக்குச் சொல்லியிருக்கலாமே சிஸ்டர். இப்ப உங்க கைல பேனா இருக்கு. என்னால கோவப்படக்கூட முடியாது."

"தொட்டுக் காட்டுங்க" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அவருடைய இடது கை தானாக எழுந்து, முகத்தைத் தாண்டிப் போய், வலது கண்ணுக்குக் கீழே தொட்டது. அம்பு போட்டேன். கண்ணீர் மறைத்ததில் கோணலாக வந்தது. ஆனாலும் டாக்டர் எழுத்தைவிட நன்றாகத்தான் இருந்தது.

அன்று மாலை பழைய சம்பவப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். என் வரியை அடித்துவிட்டு, 'கேட்டவர் தவறாகக் கேட்டார்' என்று எழுதி மறுபடி கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் மதியம் அவருக்கு நானே தட்டைக் கொண்டுபோனேன். வலது கண்ணில் கட்டு. தட்டை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டி என்னைப் பார்த்தார்.

"எந்தக் கை சிஸ்டர்?"

"உங்க சோத்துக்கை" என்றேன்.

சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். ஒரு பருக்கைகூடக் கீழே விழவில்லை.