மாடியேறிய பயிற்சி அறை

இசைத் துறையின் ஆறாம் எண் பயிற்சி அறை, கல்வியாண்டு தொடங்கிய நான்காவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்குத் தரைத்தளத்திலிருந்து கிளம்பி மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. அது இருந்த இடத்தில் நீள்சதுரமாக வெறும் சிமெண்டுத் தரையும், இரண்டு பென்சில் துண்டுகளும், எந்த வருடத்து மாணவியுடையதோ ஒரு ஹேர்பின்னும் மிச்சம் இருந்தன. மேலே, இசை வரலாறு வகுப்புக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில், அளவெடுத்துச் செய்ததுபோல அறை பொருந்தி நின்றது. உள்ளே ஒரு பியானோ, சில நாற்காலிகள், டபுள் பேஸ் வாசித்துக்கொண்டிருந்த முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர். மாணவருக்கு வயது நாற்பத்து மூன்று. அவர் கதவைத் திறந்து மாடி எண்ணைப் படித்தார். வாசற்படிக்கும் வராந்தாவுக்கும் எவ்வளவு இடைவெளி என்று குனிந்து விரலால் அளந்தார். "சரியா வந்து நின்னிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு மறுபடியும் வாசிக்கப் போய்விட்டார்.

அதற்கு முன் இருபத்தொரு வருடம் அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு ஹோட்டலில் லிஃப்ட் குழியைச் சுத்தம் செய்யப் போன நாளில், கலைந்துபோன வாத்தியக் குழு ஒன்று விட்டுச் சென்ற டபுள் பேஸ், நிலவறையில் சுவரைப் பார்த்தபடி சாய்ந்திருந்தது. வயலின் குடும்பத்தில் மூத்த அண்ணன் என்று சொல்லத்தக்க ஆளுயர வாத்தியம். தடித்த எஃகுத் தந்தியை விரலால் சுண்டியதும், பெரிய கட்டடத்தில் லிஃப்ட் கிளம்பும்போது கயிறு கொடுக்கும் அதே முனகல் கேட்டது. ஆனால் யாருக்கும் ஆபத்தில்லாத முனகல். மனிதர் அங்கேயே மனசைப் பறிகொடுத்துவிட்டார். ஹோட்டல்காரர்கள் இடம் காலியானால் போதும் என்று அதைத் தூக்கிக் கொடுத்தார்கள். ஒன்பது வருடம் ஞாயிறு தவறாமல் கற்றுக்கொண்டார். பிறகு ஒருநாள், பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முறையாகப் படிக்கப்போவதாக மனைவியிடம் சொன்னார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அந்த அம்மாள் எதற்கும் பதறாதவர். "எத்தனை வருஷம்?" என்றார். மூன்று என்று பதில் வந்தது. "போய்ப் படிங்க. ஹால்ல அது நிக்கிற எடத்துல சோபா போட்டு நானும் கொஞ்சம் உக்காந்துக்கறேன்."

முதல் நாள் எல்லாருக்கும் ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். இசை படிக்க வருபவர்கள் எதிர்பார்க்க வேண்டியவை என்று அதில் கோட்பாடு, வரலாறு, செவிப் பயிற்சி, குழு வாசிப்பு, தினமும் நான்கு மணி நேரத் தனிப் பயிற்சி எல்லாம் இருந்தன. விரல் நுனி கொப்பளித்து உடைந்து மறுபடி கொப்பளிக்கும் என்பது இல்லை. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் நாலு நாள் "அங்கிள்" என்றுவிட்டு ஐந்தாம் நாளிலிருந்து வீட்டுப்பாடத்தைக் காப்பியடிக்கக் கேட்பார்கள் என்பதும் இல்லை. செவிப் பயிற்சியில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆசிரியை இரண்டு சுரம் வாசித்து இடைவெளி என்ன என்று கேட்டால், "பழைய ஆஸ்பத்திரி லிஃப்ட்டு, கதவு மூடறப்போ வர்ற மணி" என்பார். ஆசிரியை சரிபார்த்தால் அது சரியாக இருக்கும். கோட்பாட்டில்தான் தலையைச் சொறிந்தார். ஆசிரியைக்கு வயது முப்பத்தொன்று. அவர் வாய் தவறி மாணவரை "சார்" என்பார், மாணவர் வாய் தவறாமல் அவரை "மேடம்" என்பார். இரண்டு வருடமாக டபுள் பேஸுக்கு ஆளே கிடைக்காமல் தவித்த துறை, வயதைக் கண்டும் காணாமல் அவரைச் சேர்த்துக்கொண்டிருந்தது.

அறை விஷயத்துக்குத் துறை சீக்கிரமே பழகிக்கொண்டது. அவர் நன்றாக வாசித்தால் அறை ஏறும். சாப்பாட்டு வேளையில் காலியானதும் தானாக இறங்கிவிடும். கதவைத் திறக்கும் முன் எந்த மாடி என்று பார்க்கவும் என ஒரு காகிதம் ஒட்டினார்கள். சாவிப் பதிவேட்டில் அறை எண்ணுக்கு எதிரே மாடி எண்ணையும் எழுத வேண்டும் என்று அலுவலகம் வற்புறுத்தியது. துறைத் தலைவர் ஒரே ஒரு தடவை நேரில் வந்து பார்த்து, பியானோவின் சுருதி கலையவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகத் திரும்பினார்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. பிசிறடித்த ஒரு சத்தம் காதில் விழுந்தால் போதும், அவர் வாசிப்பை நிறுத்திவிடுவார். தப்பு தன் வில்லில் வந்ததா பக்கத்து ஆள் வயலினில் வந்ததா என்ற பேதமே கிடையாது. முப்பது பேர் சேர்ந்து வாசிக்கும்போது நடுவில் பேஸ் அடங்கிப்போய், மற்றவர்கள் தரையில்லாத வீட்டில் நடப்பதுபோலத் தடுமாறுவார்கள். பயிற்சி அறையில் நிறுத்தினாலோ, அறை இரண்டு மாடிகளுக்கு நடுவே தொங்கும். ஒருமுறை அவருக்குப் பியானோ வாசிக்க வந்த வகுப்புத் தோழி அப்படி மாட்டிக்கொண்டாள். அவர் பதறாமல் கதவைத் திறந்து, பாதி வாசலை அடைத்து நின்ற தளத்தின் விளிம்பைக் காட்டி, "கையைக் குடும்மா, கீழ பாக்காத" என்று ஏற்றிவிட்டார். இதேபோல நூற்றுக்கணக்கான பேரை அவர் ஏற்றிவிட்டிருக்கிறார்.

காரணம் அவர் படிக்கச் சேர்வதற்குப் பதினான்கு வருடம் முந்தையது. ஓர் அலுவலகக் கட்டடத்தில் அவர் மேலே இயந்திர அறையில் இருந்தார், கூட்டாளி லிஃப்ட் கூண்டின் தலையில் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். மெல்லியதாக ஒரு கீச்சொலி கேட்டது. கட்டடக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள், முடித்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று இவர் விட்டுவிட்டார். கூண்டு அரை மாடி நழுவி, கூட்டாளியின் இடது கால் நசுங்கியது. கூட்டாளி பிழைத்தார், காலைச் சாய்த்து நடந்தபடி உதிரிபாகக் கிடங்குக்கு மாறினார், அதன்பின் எந்த லிஃப்டிலும் அடியெடுத்து வைக்கவில்லை. இருவரும் வாரம் ஒருநாள் சேர்ந்து டீ குடிப்பார்கள். அந்தக் கீச்சொலியைப் பற்றி இருவரும் மூச்சே விட்டதில்லை. அன்றிலிருந்து சத்தம் கேட்டால் நிறுத்துவது என்பது மெக்கானிக்கின் ரத்தத்தில் ஊறிவிட்டது. அவர் பார்த்த லிஃப்டுகளில் வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

பல்கலைக்கழகத்தின் விதி நேர் எதிரானது. தேர்வு வாசிப்பில் தப்பு வரலாம், மதிப்பெண் கொஞ்சம் குறையும். நடுவில் நிறுத்தினால் தேர்ச்சி இல்லை. இரண்டாம் ஆண்டுத் தேர்வில் அவர் இரண்டு தரம் நிறுத்தினார், அந்த ஆண்டை மறுபடியும் படித்தார், மூன்றாம் தரம் தப்பே வராததால் தப்பித்தார். இறுதிக் கச்சேரி நாற்பது நிமிடம், அதற்கு மறுவாய்ப்பு கிடையாது.

"சார், நாப்பது நிமிஷத்துல ஒரு தப்பாவது வரும். எனக்கே வரும்," என்றார் ஆசிரியை.

"வந்தா நான் நிறுத்திடுவேன் மேடம். கை தானா நின்னுடுது."

"நின்னா நாலு வருஷமும் போச்சு."

"தெரியுது மேடம்" என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதையே சொன்னார். "அந்தக் கிடங்குக்காரரக் கூப்பிடுங்க" என்று மட்டும் மனைவி சொன்னார். கச்சேரிக்கு ஆளுக்கு இரண்டு பேரை அழைக்கலாம்.

அழைத்தார். "தரைத்தளம்தான், லிஃப்டே வேண்டாம்" என்றும் சொன்னார். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை.

அன்று ஆறாம் எண் அறையில் எட்டுப் பேர்: மூன்று தேர்வாளர்கள், ஆசிரியை, மனைவி, கூட்டாளி, பியானோவில் வகுப்புத் தோழி, அவர். பழக்கதோஷத்தில் மொத்த எடையை மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு வில்லை எடுத்தார். ஆறாவது நிமிடம் அறை கிளம்பியது. கூட்டாளிக்கு அடிவயிற்றிலேயே தெரிந்துவிட்டது. ஜன்னலில் மரக்கிளை கீழே போவதைப் பார்த்து இரண்டு கையாலும் நாற்காலியைப் பற்றிக்கொண்டார், முகம் வெளிறியது. முதல் மாடி போனது, இரண்டாம் மாடி போனது. பதினெட்டாவது நிமிடம், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், அவருடைய மூன்றாம் விரல் நழுவித் தந்தியிலிருந்து மெல்லியதாக ஒரு கீச்சொலி வந்தது.

அறை குலுங்கி நின்றது. தோழியின் கண் அவர் மேல் வந்தது. ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டார். வில் தந்தியைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது, அடுத்த சுரத்துக்கு இன்னும் அரை மூச்சு இருந்தது, உடம்பு மொத்தமும் நிறுத்து நிறுத்து என்று கத்தியது. அவர் கூட்டாளியைப் பார்த்தார். பதினெட்டு வருடமாக அவர் பயந்துகொண்டிருந்த முகம் அதுதான். அந்தப் பார்வையிலேயே அவருக்கு ஒன்று உறைத்தது: இந்த அறைக்குக் கயிறு கிடையாது, மேலே இயந்திரமும் கிடையாது. இவர்களை மேலே கொண்டுபோவது தன் கையிலிருக்கும் வில் ஒன்றுதான். நிறுத்தினால் கூட்டாளி நடுவிலேயே தொங்குவார்; நிறுத்துவதுதான் இங்கே ஆபத்து.

அவர் வில்லை இழுத்தார். அடுத்த சுரம் கரகரப்பாக வந்தது, அதற்கடுத்தது பரவாயில்லை, அதற்கடுத்தது நன்றாகவே வந்தது. அறை முனகிக்கொண்டு ஏறியது. மூன்றாம் மாடியைத் தாண்டியது, இதுவரை போகாத மொட்டைமாடிக்கும் மேலே திறந்த வெளிக்குப் போனது. கீழே தண்ணீர்த் தொட்டிகளும், கொடியில் காயும் போர்வைகளும், வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் ஜனங்களும் தெரிந்தார்கள். ஒரு தேர்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். மனைவி மடியில் கைப்பையை இறுக்கிக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தார். நாற்பதாவது நிமிடம் கடைசிச் சுரம் அடங்கியபோது, அறை மெதுவாக இறங்கி மொட்டைமாடியில் இரண்டு தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தது.

முதலில் பேசியது கூட்டாளிதான். "அன்னிக்கு நீ நிறுத்தலன்னு பதினெட்டு வருஷமா உம்மேல கோவம்டா" என்றார். நாற்காலியிலிருந்து இரண்டு கையையும் ஒவ்வொன்றாக விடுவித்தார். "இன்னிக்கு மட்டும் நிறுத்தியிருந்தேன்னு வெச்சுக்க, கொன்னே போட்டிருப்பேன்."

மெக்கானிக் வில்லைக் கீழே வைத்தார். "மன்னிச்சுடுடா" என்ற ஒரு வார்த்தையைப் பதினெட்டு வருடம் கழித்து, மூன்று தேர்வாளர்கள் முன்னிலையில் சொன்னார். பிறகு நண்பரைத் தோளில் தாங்கி, நான்கு மாடிப் படிகளிலும் ஒவ்வொரு படியாக இறக்கிக் கூட்டிப்போனார். தேர்வறிக்கையில் "ஒரு பிழை, இரண்டாம் மூன்றாம் மாடிகளுக்கு இடையே, தொடர்ந்து வாசித்தார், தேர்ச்சி" என்று எழுதப்பட்டிருக்கிறது.

அறை அதன்பின் கீழே இறங்கவேயில்லை. துறை அங்கே மின்விளக்கு இழுத்துக் கொடுத்தது, படிக்கட்டுக்குக் கைப்பிடி வைத்தது. மெக்கானிக் இப்போது நகரத்து இசைக்குழுவில் வாசிக்கிறார், வாரத்தில் இரண்டு நாள் லிஃப்டும் பார்க்கிறார், அங்கே சத்தம் கேட்டால் நிறுத்துகிறார். வருடத்துக்கு ஒரு மாலை ஆறாம் எண் அறையில் வாசிக்க வருகிறார். மொட்டைமாடியிலிருந்து கிளம்பும் அறை எவ்வளவு உயரம் போகும் என்பது அன்றைய வாசிப்பைப் பொறுத்தது. குளிருக்கு ஒரு துண்டு கொண்டுவரும்படி அழைப்பிதழிலேயே போட்டுவிடுகிறார்கள். கூட்டாளி நான்கு மாடியையும் படியேறியே வருகிறார், எல்லாருக்கும் முன்னதாக வந்து ஜன்னலோர நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறார்.