பக்கத்து சீட்டுக் குரங்கு

சித்திரபுரத்து மின்வாரியக் குடியிருப்பில் லோகேஷும் எட்டு வயது மகள் கார்த்திகாவும் மட்டும்தான். மனைவி செல்வி இறந்து ஒரு வருடமாகிறது. சோறு ஆக்கினான், வேலைக்குப் போனான். மகளோடு பேசத்தான் அவனுக்கு வரவில்லை. அவளோ கைபேசியில் ஜீப் ஓட்டும் விளையாட்டே கதியென்று கிடந்தாள். அதை அழித்துவிடலாமென்று கைபேசியை வாங்கினான்.

"ஒரு தடவை ஓட்டிப் பாருப்பா. அப்புறம் அழி."

ஓட்டினான். முதல் கொண்டை ஊசி வளைவிலேயே ஜீப் பள்ளத்தில் உருண்டது. விளையாட்டு ஜீப்பின் பக்கத்து சீட்டில் இருந்த குரங்கு கேட்டது: "ஏன்யா, அட்டைப்பூச்சி கடிச்ச மாதிரி இப்படித் துள்ளுற?"

லோகேஷின் கை அப்படியே நின்றுவிட்டது. செல்வி அவனை இப்படித்தான் வைவாள்.

"இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லப்பா. அது ஏஐ. ஆடுறவங்க எப்படிப் பேசுறாங்களோ அப்படியே பேசப் பழகிக்கும். முதல்ல டிவி நியூஸ் மாதிரிதான் பேசுச்சு. நான் வஞ்சு வஞ்சு இப்படி ஆயிருச்சு."

அம்மாவின் வாய் அப்படியே மகளுக்கு வந்திருந்தது. ஒரு வருடமாக இந்த வீட்டுக்குள்ளேயே கார்த்திகா அந்த வாயோடு பேசிக்கொண்டிருக்க, கேட்டது குரங்குதான்.

"அழிச்சிருவியாப்பா?"

"இல்ல. ஆனா குரங்கை மட்டும் வஞ்சா எப்படி? என்னையும் வையணும்."

கார்த்திகா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப எந்திரி. ரசம் பொங்கி அடுப்பெல்லாம் ஊத்துது. உன் மூக்கு என்ன, லீவு போட்டுருச்சா?"

லோகேஷ் சிரித்துக்கொண்டே அடுப்படிக்கு ஓடினான்.