வெள்ளைத் துணிப் படங்கள்

தொலைநோக்கியின் வாயில் வெள்ளைத் துணியைச் சுற்றிப் பிடித்திருந்த ரப்பர் வளையம் பட்டென்று அறுந்து அவன் கன்னத்தில் அடித்தது. "போச்சு" என்று அவன் சொன்னது கன்னத்துக்காக இல்லை. சூரியன் இறங்கியாகிவிட்டது. வானம் ஒரு மேகம் இல்லாமல், எங்கும் ஒரே சீரான வெளுப்பில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும்.

"கொஞ்சம் வாயேன்" என்று சமையலறை ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டான். "துணிய யாராவது பிடிச்சுக்கணும். கை ஈரத்தோட வராத."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்தாள். ஸ்டூல் தயாராக இருந்தது. ஏறி நின்று, வானத்தை நேராகப் பார்த்து நிமிர்ந்திருந்த அந்த ஆள் உயரக் குழாயின் வாய்மேல் துணியைச் சுருக்கமில்லாமல் விரித்து இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்தாள். அவன் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். கேமரா 'கிளிக்' என்றது. சற்று விட்டு இன்னொரு கிளிக்.

இந்த வெள்ளைத் துணிப் படங்கள் எதற்கு என்பது எட்டு வருடக் குடித்தனத்தில் அவளுக்கு அத்துப்படி. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தூசி நம் கண்ணுக்குத் தெரியாது. கேலக்ஸியைப் படம் எடுக்கும்போது மட்டும் வட்டம் வட்டமாக வந்து நிற்கும். வெறும் வெள்ளையை எடுத்து வைத்துக்கொண்டால் எந்தெந்த இடத்தில் தூசி என்று கணினிக்குத் தெரிந்துவிடும், அதைக் கழித்துவிடும். மூன்று வாரமாக அவன் ஒரே கேலக்ஸியைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறான். பக்கவாட்டில் தெரிகிற, ஊசி போல ஒல்லியான ஒன்று. போன வாரம் திரையில் அதைக் காட்டினான். மூக்குக்கண்ணாடியில் படிந்த விரல்ரேகை மாதிரி இருந்தது. அதை அவள் சொன்னபோது அவன் சிரித்தான். கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டுவது அவன் தொழில். "பகல் பூரா அந்த மாதிரிக் கறையத்தான் துடைச்சுத் துடைச்சு எடுக்குறேன், ராத்திரி ஆனா அதையே தேடுறேன்" என்றான்.

மாடி பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அவன் தங்கை எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, சக்களத்திக்கு முக்காடு போட்டு விடுறீங்களா?"

"பாவம், அவளுக்குக் குளிருதாம்."

"உங்களுக்குப் பெரிய மனசு அண்ணி. நானா இருந்தா தள்ளி விட்டுட்டு, காத்துல விழுந்துருச்சுன்னு சொல்லியிருப்பேன்."

நாத்தனார் வைத்த பெயர் அது. தொலைநோக்கி பெட்டியில் வந்து இறங்கிய அன்றே வைத்துவிட்டாள். அண்ணன் தேனிலவுக்குக்கூட நிலவு இல்லாத நாளாகப் பார்த்துத்தான் அண்ணியைக் கூட்டிப் போனான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அது பொய்யும் இல்லை. கல்யாண நாள், பிறந்த நாள், மலைப்பக்கம் ஒரு பயணம், எதுவானாலும் நிலாவைக் கேட்டுத்தான் தேதி. இருட்டினால் இந்த வீட்டில் பின்பக்க விளக்கு எரியாது. ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் பல்புக்குக்கூட சிவப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறது. அந்த வெளிச்சத்தில் பாலா மோரா என்று முகர்ந்துதான் பார்க்க வேண்டும். அவளுக்கு இதிலெல்லாம் பெரிய குறை இருந்ததில்லை. குடிக்கிறவனைக் கட்டிக்கொண்டவர்களை அவள் தினமும் பார்க்கிறாள். ஆனால் ஒரு கேள்வி மட்டும், செருப்புக்குள் புகுந்த சிறு கல் போல, நடக்கும்போதெல்லாம் உறுத்தியது. தனக்காக மட்டும் என்று இந்த மனிதன் எங்காவது வந்திருக்கிறானா?

அவள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். மூட்டு மாற்றியவர்களை எழுப்பி நடக்க வைப்பவள். ஆஸ்பத்திரிக்காரர்கள் தூரத்து ஊர் ஒன்றில் கிளை திறக்கிறார்கள். அங்கே அந்தப் பிரிவுக்கே அவளைத் தலைமையாகப் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். கட்டடம் பார்க்கப் போன அன்று, திரும்பி வர பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சாயங்காலம் கழிந்து இருட்டிவிட்டது. ஒரே ஒரு கடையில் ஒரே ஒரு பல்பு. தற்செயலாக நிமிர்ந்தவள் பக்கத்திலிருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு நட்சத்திரங்கள்; தலைமேல் கொட்டிவிடும் போல இருந்தன. 'இவர் இதைப் பார்க்கணுமே' என்பதுதான் முதலில் தோன்றியது. அந்த நினைப்பு பஸ் வருவதற்குள் புளித்துப் போனது. ஊர் இப்படி என்று தெரிந்தால் அவள் பெட்டி கட்டுவதற்கு முன்பே அவன் வண்டிக்குச் சொல்லிவிடுவான். அப்புறம் அவன் யார் பின்னால் வந்தான் என்பது ஆயுசுக்கும் தெரியப் போவதில்லை.

அதனால் வியாழக்கிழமை சாப்பிடும்போது, பதவி உயர்வையும் ஊர்ப் பேரையும் சொன்ன கையோடு, "அங்க பெரிய சிமெண்ட் ஃபேக்டரி இருக்குங்க. ராத்திரி பூரா லைட்டு. வானமே ஆரஞ்சு கலர்ல இருக்கு" என்று சேர்த்துச் சொன்னாள். நிறத்தைக்கூட விடாமல் சொன்னதில் அவளுக்கே ஆச்சரியம்.

அவன் மென்று விழுங்கினான். "அப்படியா" என்றான். கொஞ்சம் கழித்து, "யோசிச்சுச் சொல்றேன்" என்றான்.

கிளிக். தோள்பட்டை வலிக்கத் தொடங்கியது. தோளை இறக்குங்க, மூச்சை அடக்காதீங்க என்று பகலெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்வதைத் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

"நீ போ" என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த வேலைய விட்டுடாத. நான் இங்கயே இருந்துக்குறேன்."

அவள் பிடி தளர்ந்தது.

"துணி தொய்யுது பாரு."

இழுத்துப் பிடித்தாள். இவ்வளவுதானா என்று இருந்தது. பரீட்சைக்குப் பயந்து பயந்து படித்துவிட்டுப் போனால், ஒரே கேள்வி கேட்டு அனுப்பிவிட்டது போல. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரித்துப் படித்து முடித்தவர்கள் முகத்தில் ஒரு அமைதி வரும்; அந்த அமைதி இப்போது தன் முகத்தில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"கடைய விட முடியாதோ?"

"கடைக்கு என்ன. லென்ஸ் வெட்டுறவனுக்கு எந்த ஊர்லயும் வேலை உண்டு."

"அப்புறம்?"

இரண்டு கிளிக் போயிற்று.

"அந்த ஊர்ல சிமெண்ட் ஃபேக்டரி இல்ல" என்றான்.

அவள் கீழே குனிந்து அவனைப் பார்த்தாள். அவன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ கை கழுவ எந்திரிச்சதுமே பாத்துட்டேன். எந்த ஊர் எவ்வளவு இருட்டுன்னு மேப் இருக்கு. யார் எந்த ஊர்ப் பேரச் சொன்னாலும் நான் முதல்ல அதத்தான் பாப்பேன். உன் மாமா பையன் கல்யாணத்துக்குப் போனோமே, அந்த ஊரக்கூடப் பாத்தேன். நீ சொன்ன ஊரு மையக் கொட்டுன மாதிரி கறுப்பா இருக்கு."

தட்டானிடம் போய் பித்தளையைத் தங்கம் என்று நீட்டிய கதையாகிவிட்டது. உலகத்தில் வேறு யாரிடம் இந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாலும் செல்லுபடியாகியிருக்கும்.

"இவ்வளவு யோசிச்சு ஒரு பொய் சொல்றன்னா, நான் கூட வரக் கூடாதுன்னுதான? வெளிச்சம்னு சொன்னா நான் வர மாட்டேன்னு உனக்குத் தெரியும். நேராவே சொல்லியிருக்கலாம். நான் ஒண்ணும் சண்டை போட்டிருக்க மாட்டேன்."

"சண்டை போட்டாத்தான் என்னவாம்?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்றாள். குரல் மேலே போய்விடாமல் பார்த்துக்கொண்டாள். மாடியில் நாத்தனார் இன்னும் காய்ந்த துணியை மடித்துக்கொண்டுதான் இருந்தாள். "வெளிச்சமா இருந்தாலும் எனக்காக வர்றீங்களான்னு பாக்கத்தான் அந்தப் பொய்யச் சொன்னேன். இருட்டுன்னு சொல்லியிருந்தா எனக்கு முன்னாடி இதுதான வண்டியில ஏறியிருக்கும்?" கையில் துணி இருந்ததால் முழங்காலால் குழாயைத் தொட்டுக் காட்டினாள்.

"ஆட்டாத" என்றான் பழக்கத்தில். பிறகு யோசித்தான். பொய் சொல்ல வராத மனிதன். அதுதான் அவனிடம் உள்ள சங்கடம். "ஏறியிருக்கும்" என்றான். "ஆனா ரெண்டு நாளா அந்த மேப்பத் திறக்கவே இல்ல. திறக்க மனசு வரல."

இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இப்ப வரேன்னு சொன்னா நம்புவியா?"

"மாட்டேன்."

"வரலன்னு சொன்னா?"

"அதான் சொல்லிட்டீங்களே."

"அப்ப நான் என்னதான் சொல்லணும்?"

"எனக்கென்ன தெரியும்? துணி பிடிக்கத்தான கூப்பிட்டீங்க."

"அண்ணா," மாடியிலிருந்து குரல் வந்தது. "இவரு செருப்பத் தேடுறாரு, லைட்டு போட்டுக்கலாமா?" தினமும் கேட்கிற கேள்வி, தினமும் உடனே பதில் வரும். இன்றைக்குக் கீழேயிருந்து சத்தமே இல்லை. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் காது போச்சு போல" என்று யாரிடமோ சொல்லியபடி நாத்தனார் உள்ளே போனாள்.

வானம் எப்போதோ சாம்பலாகியிருந்தது. படத்துக்கு வேண்டிய வெளிச்சம் போய்விட்டது என்பது அவளுக்கே தெரிந்தது. கையை இறக்கலாம். அவன் இறக்கச் சொல்லவில்லை; அவளும் இறக்கவில்லை. வலது தோள் நடுங்கத் தொடங்கியது.

வாளி நகரும் சத்தம் கேட்டது. அவன் எழுந்து வந்து குழாய்க்கு எதிர்ப்பக்கம் நின்றான். உயரமானவன், ஸ்டூல் தேவைப்படவில்லை. அவள் வலது கையில் இருந்த முனையை அவள் விரல்களோடு சேர்த்துப் பிடித்தான். விரல்களை எடுத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் துணி விறைப்பாக நின்றது.

கேமராவை நிறுத்த ஆள் இல்லை. அது தன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டே போனது. கீழே திரையில், ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொரு துணிப் படமும் முந்தையதைவிட ஒரு இழை கறுத்து வந்து விழுந்தது.