இடது கையில் இட்லித் தட்டு

"கையத் தூக்குயா! தட்டு எதுர்லயே இருக்குது, எடுத்துக் குடேன்!"

ஈஸ்வரி போட்ட சத்தத்தில், வாசலில் காய்ந்த சாமையைக் கொத்த வந்த கோழிகள் சிதறி ஓடின. நாற்காலியில் இருந்த அவள் புருஷன் சின்னராசு மட்டும் அசையவில்லை. கண்ணை மறைத்துத் தலையில் மாட்டிய வி.ஆர். விளையாட்டுப் பெட்டி. இடது கையில் பட்டை போட்டுக் கட்டிய கைப்பிடி.

புளியமரத்திலிருந்து விழுந்து மண்டை உடைந்து எட்டு மாதமாகிறது. உயிர் தப்பியது. பேச்சு ஒற்றை வார்த்தையாகச் சுருங்கிப் போனது. இடது கை சொன்னபடி கேட்பதில்லை. கைக்குப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை ஆலங்காயத்திலிருந்து பிசியோதெரபிஸ்ட் ஷோபனா ஸ்கூட்டரில் மலையேறி வருகிறாள். பெட்டிக்குள் அவன் பார்ப்பதெல்லாம் அவள் மடியிலிருக்கும் டேப்லெட்டிலும் தெரியும்.

முதலில் பலூன் உடைக்கும் விளையாட்டு. இடது கையாலேயே பன்னிரண்டு உடைத்தான். ஷோபனா குஷியாகி அவனை ஓட்டல் விளையாட்டுக்கு மாற்றினாள். மேசையில் ஒருவர் வந்து உட்காருவார். இட்லித் தட்டை அவரிடம் நீட்ட வேண்டும். வலது கை மடியை விட்டு எழக்கூடாது என்பது ஷோபனாவின் கட்டளை. இரண்டு வாரமாகச் சைபர்.

"இன்னைக்கும் சைபர்னா பெட்டி ஒடுகத்தூருக்குப் போயிடும்க்கா. அங்க ஒருத்தர் காத்துனு இருக்காரு. என் கையில ஒண்ணும் இல்ல."

"கேட்டுக்கினியாயா?" என்றாள் ஈஸ்வரி.

மணி அடித்தது. சைபர்.

ஷோபனா பெருமூச்சோடு பெட்டியைக் கழற்றி, பையைத் தேடக் குனிந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு கோழி திரும்பி வந்து சாமையில் வாய் வைத்தது. சின்னராசுவின் இடது கை, கைப்பிடியோடு விசுக்கென்று எழுந்தது. "ச்சூ!"

"மேடம்! பாத்தீங்களா?"

"பாக்கலையேக்கா."

ஈஸ்வரிக்கு உச்சந்தலை வரை எரிந்தது. இடுப்பில் கை வைத்துப் புருஷன் முன்னால் நின்றாள். "கோழிய வெரட்டத் தெரியுது. தட்டக் குடுக்க இன்னாயா கேடு?"

அவன் தன் இடது கையைப் பார்த்தான். அதை மெல்லத் தொடைக்கு அடியில் மறைத்துக்கொண்டான்.

"தப்பு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போன வருஷம் ஆடியில் கூழ் ஊற்றும்போது, மச்சான் இடது கையால் சொம்பை நீட்டிவிட்டான் என்று பந்தியையே நிறுத்தி ரகளை செய்த ஆளாயிற்றே!

"இடது கையால எப்டி மேடம் சோறு குடுப்பாரு?"

"ஐயோ அக்கா, அது பொம்மை!"

"பொம்மையானா இன்னா? சாப்ட உக்காந்துகிறாரு இல்ல?" ஈஸ்வரி யாரைத் திட்டுவது என்று தெரியாமல் ஒரு கணம் தவித்தாள். "ரெண்டு கையாலயும் குடுத்தா உங்க மிஷினு ஒத்துக்குமா?"

ஷோபனா யோசித்தாள். "இடது கை தட்டத் தொட்டாப் போதும். வலது கை இன்னா செஞ்சாலும் அதுக்குத் தெரியாது."

"அப்ப இன்னொரு வாட்டி மாட்டுங்க. யோவ், ரெண்டு கையாலயும் ஏந்தி மரியாதையாக் குடு. ஒரு தப்பும் இல்ல."

மறுபடி பெட்டி. வலது கை முதலில் எழுந்தது. இடது கை நடுங்கிக்கொண்டே அதன் பின்னால் வந்தது. வயிறு வரை. நெஞ்சு வரை. டேப்லெட்டில் தட்டு அசைந்தது. பச்சை விளக்கு. ஒன்று!

ஷோபனா துள்ளிவிட்டாள். "சூப்பர்ண்ணா! அடுத்த ஆளு வந்துட்டாரு, அடுத்த தட்டு எடுங்க!"

சின்னராசு அசையவில்லை. ஏந்திய கை ஏந்தியபடியே நின்றது.

"இப்ப இன்னாயா?"

"அவரு... இன்னும்... சாப்புடல."

எட்டு மாதத்தில் முதல்முறையாகச் சேர்ந்தாற்போல் மூன்று வார்த்தை. டேப்லெட்டில் சாப்பிட வந்த அந்தப் பொம்மை இட்லியைத் தொடாமல் சிரித்துக்கொண்டே இருந்தது.

ஈஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். "மேடம், பெட்டி இங்கயே இருக்கட்டும். அந்த மனுசன ரெண்டு வாய் சாப்ட வைக்கச் சொல்லி உங்க ஆளுங்களுக்குப் போன் போடுங்க. இல்லன்னா இவரு பொங்கல் வரைக்கும் இப்டியேதான் உக்காந்துனு இருப்பாரு!"